கியூபெக் நகரில் தங்க அறை தேடும் முன்: மேடா, பள்ளமா என்று முடிவு செய்யுங்கள்

கனடாவின் கியூபெக் மாகாணத்துக்குத் தலைநகராக இருப்பதும் கியூபெக் என்றே பெயர் கொண்ட ஊர்தான். அங்கே முதன்முறையாகச் செல்வோர் பெரும்பாலும் முன்பதிவுத் தளத்தில் தேதியைக் கொடுத்து, விலையையும் நட்சத்திரங்களையும் ஒப்பிட்டு, வரைபடத்தில் பழைய நகரத்துக்கு மிக அருகே தெரியும் புள்ளியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சமதளத்தில் பரந்து கிடக்கும் ஊர்களுக்கு இந்த முறை போதும். கியூபெக்கில் அது போதாது. வரைபடத்தில் 300 மீட்டர் என்று தெரிகிற தூரத்துக்கு நடுவே ஒரு செங்குத்துப் பாறை நிற்கக்கூடும். பெட்டியும் கைக்குழந்தையும் வயதான பெற்றோரும் உடன் இருந்தால், அறையின் நட்சத்திரத்தைவிட அந்த அறை பாறைக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதுதான் உங்கள் பயணம் எப்படி அமையும் என்பதை நிர்ணயிக்கும். ஆகவே அறை தேடுவதற்கு முன் ஊரின் அமைப்பைச் சற்றே மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

சாமுவேல் த ஷாம்ப்ளேன் 1608-ஆம் ஆண்டு செயின்ட் லாரன்ஸ் ஆறு குறுகும் இடத்தில், கரையோரமாகத் தம் குடியிருப்பை எழுப்பினார். வணிகர்களும் கிடங்குகளும் படகுத்துறைகளும் கரையிலேயே பெருகின. ஆளுநர் மாளிகையும் மடங்களும் மருத்துவமனையும் கோட்டையும் பாதுகாப்புக் கருதிப் பாறையின் உச்சிக்குப் போயின. அவையே இன்றைய கீழ்நகரமும் மேல்நகரமும். மேல்நகரைச் சுற்றி ஏறத்தாழ 4.6 கிலோமீட்டர் நீளமுள்ள மதில் இன்றும் நிற்கிறது. மெக்சிகோவுக்கு வடக்கே இப்படி மதில் சூழ்ந்து எஞ்சியிருக்கும் நகரம் வேறில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஊர்க்காரர்கள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று மதிலை இடிக்கத் தொடங்கியபோது அதைத் தடுத்துக் காத்தவர், அப்போது கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த டஃபரின் பிரபு; பின்னாளில் இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்த அதே டஃபரின்தான். பழைய நகரம் 1985-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இந்தப் பெருமையெல்லாம் விடுதி தேடுபவருக்கு நேரடியாகப் பொருள்படும் விதம் வேறு. வீதிகள் குறுகல், வண்டி நிறுத்த இடம் அரிது, பழைய வீடுகளின் கட்டமைப்பை நினைத்தபடி மாற்ற முடியாது என்பதால் பல சிறு விடுதிகளில் லிஃப்ட் கிடையாது.

படி 1: நாளைக் குறித்தல்

இந்த ஊரில் அறை வாடகையை முடிவு செய்வது திருவிழா நாட்காட்டி. ஜனவரி இறுதியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ குளிர்காலக் கார்னிவல் வருகிறது. சிவப்புக் குல்லாயும் நெய்த இடுப்புக்கச்சையும் அணிந்த போனோம் என்னும் பனிமனிதன் அதன் தலைவன். ஜூலையில் பதினொரு நாள் நடக்கும் கோடை இசை விழா 1968 முதல் நடந்துவருகிறது. மேடை அமைவது ஆபிரகாம் சமவெளியில், அதாவது 1759 செப்டம்பரில் ஆங்கிலப் படையும் பிரெஞ்சுப் படையும் மோதிய அதே புல்வெளியில். விழா மாலைகளில் மதிலுக்கு வெளியே உள்ள கிராண்ட் அலே வீதி முழுவதும் கூட்டமாக இருக்கும். அமைதி நாடுவோர் அப்பகுதியைத் தவிர்க்கலாம். ஜூன் 24 மாகாணத்தின் தேசிய நாள். ஜூலையின் கடைசி இரண்டு வாரங்கள் கட்டுமானத் தொழிலாளர் விடுமுறை என்பதால் மாகாண மக்களே பெருமளவில் சுற்றுலா கிளம்பிவிடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது தெரிவதில்லை, அறைகள் ஏன் திடீரென்று தீர்ந்தன என்று வியப்பார்கள். செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை இலைகள் நிறம் மாறும் பருவம், அதோடு பெரிய உல்லாசக் கப்பல்கள் துறைமுகத்துக்கு வரும் பருவமும்கூட. டிசம்பரில் ஜெர்மானிய பாணிக் கிறிஸ்துமஸ் சந்தை, மார்ச் தொடக்கத்தில் பள்ளி விடுமுறை.

முதல் பயணத்துக்கு ஜூன் முதல் பாதியையோ, கனடாவில் செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தின வார இறுதி கழிந்த செப்டம்பர் நாட்களையோ நான் பரிந்துரைப்பேன். வெயில் இதமாக இருக்கும், விழாக் கூட்டமும் இராது. நவம்பரும் ஏப்ரலும் மலிவுதான்; ஆனால் வானம் மங்கி, தரையில் பாதி உருகிய பனிச்சேறு கிடக்கும். எந்த மாதமானாலும் ஞாயிறு முதல் வியாழன் வரையிலான இரவுகளின் வாடகை வெள்ளி, சனி இரவுகளைவிடக் குறைவாகவே இருக்கும். டொரண்டோ, மாண்ட்ரியல் பகுதிகளிலிருந்து காரில் புறப்படும் நம் குடும்பங்கள் நீண்ட வார இறுதியைத்தான் தேர்வு செய்கின்றன, ஆனால் மற்ற எல்லோரும் அதையேதான் தேர்வு செய்கிறார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இரவுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை, பழைய நகரத்துக்கு மட்டும் இரண்டு இரவுகள் போதும். நகருக்குச் சற்று வெளியே 83 மீட்டர் உயரத்திலிருந்து விழும் மோன்மொரான்சி அருவி, அதன் எதிரே பாலத்தைக் கடந்தால் வரும் ஓர்லியான் தீவு, இன்னும் கீழே ஆற்றோரமாக இருக்கும் புனித அன்னம்மாள் பெருங்கோவில் ஆகியவற்றையும் பார்க்க விரும்பினால் மூன்றாக்குங்கள். கோவிலுக்குச் செல்வோர் ஜூலை 26 அன்று வரும் அன்னம்மாள் திருநாளை ஒட்டி அந்தப் பாதையில் அறை கிடைப்பது அரிது என்பதை நினைவில் வைக்கவும்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருவோர் பார்வையாளர் விசா கைக்கு வரும் வரை, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையை மட்டுமே பதிவு செய்ய வேண்டும். சற்றே மலிவாகத் தெரியும், ஆனால் திரும்பப் பெற முடியாத கட்டணத்துக்கு ஆசைப்பட்டால், விசா தாமதமாகும்போது முழுத் தொகையும் போய்விடும்.

படி 2: இடத்தைத் தேர்தல்

வழிகாட்டியின் இந்தப் பகுதியை மட்டும் இருமுறை படியுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

மதிலுக்கு உள்ளே உள்ள மேல்நகரம்தான் பெரும்பாலோருக்குப் பொருந்தும். பாறை விளிம்பில் உலாவுவதற்கு அமைந்த டஃபரின் நடைமேடை, கோட்டை, தேவாலயங்கள், சேன் ஜான் வீதியின் கடைகள் யாவும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன; உள்ளேயும் சிறு ஏற்ற இறக்கங்கள் உண்டு என்றாலும் அவை தாங்கக்கூடியவை. பாறையின் விளிம்பில் நிற்கும் ஷாட்டோ ஃப்ரோன்டெனாக்கை அறியாதவர் இருக்க மாட்டார்கள். கனடிய பசிபிக் ரயில்வே 1893-இல் திறந்த இந்த மாளிகை ஹோட்டலில் ஏறத்தாழ அறுநூறு அறைகள் உள்ளன. ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் 1943-லும் 1944-லும் போர்க்கால மாநாட்டுக்காகக் கூடியது இந்த ஊரில்தான். அங்கே தங்க முடிவு செய்பவர் அறை ஆற்றைப் பார்த்ததா, உள்முற்றத்தைப் பார்த்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முற்றத்தைப் பார்த்த அறைக்கு அந்தப் பெயருக்காக மட்டும் அவ்வளவு பணம் கொடுப்பது வீண் என்பது என் கருத்து; முகப்புக் கூடத்துக்குள் யார் வேண்டுமானாலும் நடந்துபோய்ப் பார்த்துவரலாம். அதன் பின்புறத்தில் கவர்னர் தோட்டம் என்ற சிறு பூங்காவைச் சுற்றியும், சேன்ட் உர்சூல் வீதியிலும் பழைய கல்வீடுகளில் சிறு விடுதிகள் வரிசையாக உள்ளன. அதே நடைமேடைக்கு இரண்டு மூன்று நிமிட நடைதான். வாடகையோ பல மடங்கு குறைவு.

கீழ்நகரம் அழகில் எதற்கும் சளைத்ததல்ல. ஷாம்ப்ளேன் குடியிருப்பு இருந்த ராயல் சதுக்கமும், பெத்தி ஷாம்ப்ளேன் என்ற குறுகிய கடைவீதியும், பழைய துறைமுகமும் இங்கேதான். உணவகங்கள் அதிகம், மாலைகள் அருமை. ஓபெர்ஜ் சேன் அந்துவான் என்ற ஹோட்டலில், அது நிற்கும் இடத்தைத் தோண்டியபோது கிடைத்த பீங்கான் துண்டுகளையும் குப்பிகளையும் சுவர்களிலும் அறைகளிலும் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். ஆனால் இங்கே தங்கினால் ஒவ்வொரு முறை மேலே போவதற்கும் மூன்று வழிகள்தாம்: செங்குத்தான மலைச்சாலையில் நடப்பது, கழுத்தொடிப் படிகள் என்று ஊரார் பெயரிட்டிருக்கும் படிக்கட்டில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது, அல்லது 1879 முதல் ஓடும் கம்பிவட ரயிலில் ஏறுவது. அந்த ரயில் ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தை ஓரிரு நிமிடத்தில் கடக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு, நகரப் பேருந்து அட்டை அதற்குச் செல்லாது, பராமரிப்புக்காகச் சில நாட்கள் மூடப்படுவதும் உண்டு. ஐந்து பேர் கொண்ட குடும்பம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கினால் அந்தச் செலவே ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமமாகும். முழங்கால் வலி உள்ளவர்கள் உடன் வருகிறார்கள் என்றால் மேல்நகரத்தில் தங்கி, கீழே ஒருமுறை இறங்கி, ரயிலில் ஒருமுறை ஏறுவதே சரி.

மதிலுக்கு வெளியே, மாகாண நாடாளுமன்றக் கட்டடத்தை ஒட்டிய பகுதியில், மாநாட்டு மையத்தோடு இணைந்த அடுக்குமாடி ஹோட்டல்கள் இருக்கின்றன. தோற்றத்தில் பழமை எதுவும் இல்லை. ஆனால் லிஃப்ட், அகலமான அறை, நிலத்தடி வண்டி நிறுத்துமிடம், பிள்ளைகளுக்கு நீச்சல் குளம் என்று குடும்பத்துக்கு வேண்டியவை எல்லாம் அவற்றில்தான் கிடைக்கும். உயர்ந்த மாடியின் ஜன்னலிலிருந்து மதிலும் கூரைகளும் ஆறும் ஒருசேரத் தெரியும். பாறையின் உச்சி மட்டத்திலேயே இருப்பதால் சேன் லூயி வாசல் வழியாக உள்ளே நடந்து போய்விடலாம். சிறு குழந்தைகளோடு முதன்முறை வருவோருக்கு என் முதல் பரிந்துரை இந்தப் பகுதிதான்.

பாறைக்கு வடக்கே பள்ளத்தில் உள்ள சேன் ரோக் பகுதி, ஒரு காலத்தில் தொழிலாளர் குடியிருப்பாக இருந்து இப்போது காபிக் கடைகளும் உணவகங்களும் நிறைந்ததாக மாறியிருக்கிறது. வாடகை குறைவு, உள்ளூர்க்காரர்களோடு கலந்து உண்ணலாம். அங்கிருந்து மேலே உள்ள சேன் ஜான் பாப்டிஸ்ட் பகுதிக்கு ஏற ஃபொபூர் லிஃப்ட் என்ற பொது லிஃப்ட் இருக்கிறது என்பது பல பயணிகளுக்குத் தெரியாது. அவர்கள் அதன் பக்கத்திலேயே உள்ள படிக்கட்டில் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருப்பார்கள்.

நகரின் மேற்கே உள்ள சேன்ட் ஃபுவாவில் நெடுஞ்சாலையை ஒட்டிச் சங்கிலி ஹோட்டல்களும், சமையலறை வசதி கொண்ட அறைகளும் உள்ளன. சிற்றுந்தில் ஏழெட்டுப் பேர் வருவோருக்கு அது வசதி. லோரியே பெருஞ்சாலையிலிருந்து 800, 801 எண் கொண்ட மெட்ரோபஸ்கள் பழைய நகரத்துக்கு அடிக்கடி செல்கின்றன என்பதால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வரலாம். எதிர்க்கரையான லெவியிலும் தங்கலாம். படகு சுமார் பன்னிரண்டு நிமிடத்தில் கீழ்நகரத்தில் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் அங்கேயும் படகுத்துறை பள்ளத்தில், ஊர் மேட்டில்!

படி 3: எத்தகைய விடுதி

ஹோட்டல், ஓபெர்ஜ் என்ற சத்திர வகைச் சிறு விடுதி, காலை உணவோடு வீட்டிலேயே அறை தரும் ழீத் என்று மூன்று வகைகளை அதிகம் காண்பீர்கள். பழைய வீட்டு விடுதி ஒன்றில் நுழைந்தால் என்ன இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். வாசல் கதவை அடுத்து ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம், ஈரக் காலணிக்கு ஒரு ரப்பர் பாய், ஒரு சிறு மேசைதான் ரிசப்ஷன், அதன் பின்னாலேயே மேலே திரும்பித் திரும்பிப் போகும் மரப்படிக்கட்டு. படி ஒவ்வொன்றும் காலடியில் முனகும். இரண்டாம் மாடிக்கு மேல் படி இன்னும் குறுகி, பெட்டியைப் பக்கவாட்டில் தூக்கித்தான் போக வேண்டியிருக்கும். கூரைக்கு அடியிலுள்ள அறையில் சுவர் சரிந்திருப்பதால் கட்டிலிலிருந்து எழும்போது தலையைக் குனிய வேண்டும். இளம் தம்பதியருக்கு இது அழகாகத் தோன்றும். அதே அறையில் எழுபது வயது அம்மாவைத் தங்கவைப்பது நியாயமில்லை. குளிர்சாதன வசதி எல்லாப் பழைய விடுதிகளிலும் இருப்பதில்லை, ஜூலைப் புழுக்கம் நம் ஊர்க்காரர்களுக்கே சிரமம் தரும்.

தனியாகவோ இருவராகவோ போகிறவர்கள் அகஸ்தீன் மடத்தையும் நினைத்துப் பார்க்கலாம். 1639-இல் பிரான்சிலிருந்து வந்து மருத்துவமனை நடத்திய அகஸ்தீன் துறவியரின் மடத்தை, 2015 முதல் தங்கும் இடமாகவும் அருங்காட்சியகமாகவும் நடத்துகிறார்கள். துறவியர் வாழ்ந்த சிறு அறைகளிலேயே தங்கலாம், அவற்றுக்குக் குளியலறை பொது. காலை உணவை மௌனமாக உண்பது அங்கே வழக்கம் என்பதால் குழந்தைகளோடு செல்வோர் வேறிடம் பார்ப்பதே மேல்.

வீட்டையோ அடுக்குமாடிக் குடியிருப்பையோ குறுகிய காலத்துக்கு வாடகைக்கு எடுப்பதானால், விளம்பரத்தில் மாகாணப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். மாண்ட்ரியலின் பழைய நகரத்தில் 2023 மார்ச்சில் நிகழ்ந்த தீவிபத்தில் சட்டத்துக்குப் புறம்பான வாடகை அறைகளில் தங்கியோரும் உயிரிழந்த பின்னர், பதிவு எண் இல்லாத இடங்களை முன்பதிவுத் தளங்கள் வெளியிடக் கூடாது என்று மாகாணம் சட்டத்தை இறுக்கியது. எண் இல்லாத இடம் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

அறைக்கு எத்தனை பேர் என்பதில் நம்மவர்கள் அலட்சியமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பெரிய கட்டில்கள் உள்ள அறைக்கு நான்கு பேர்தான் கணக்கு. ஐந்தாவது ஆளைத் தரையில் படுக்கவைத்துக்கொள்ளலாம் என்று எண்ணி நால்வர் பெயரைக் கொடுத்துப் பதிவு செய்தால், தீப்பாதுகாப்பு விதியைக் காட்டி இரவு பத்து மணிக்கு இன்னோர் அறை எடுக்கச் சொல்லிவிடுவார்கள்.

படி 4: விலையைக் கணக்கிடுதல்

தளத்தில் முதலில் கண்ணில்படும் தொகை வரி சேராதது. கியூபெக்கில் அறை வாடகையோடு 3.5 சதவீதத் தங்கும் வரி, 5 சதவீத மத்திய வரி, 9.975 சதவீத மாகாண வரி ஆகிய மூன்றும் சேரும். எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 19 சதவீதம். 200 டாலர் என்று காட்டும் அறைக்கு 238 டாலரை ஒட்டிக் கொடுப்பீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய நகரத்தில் வண்டி நிறுத்துவதற்கு ஓர் இரவுக்கு 30 டாலரை நெருங்குவதும் தாண்டுவதும் சாதாரணம். காலை உணவு சேர்ந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். நால்வர் வெளியே காலைச் சிற்றுண்டி உண்டால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால், சற்றே கூடுதல் வாடகையில் உணவும் தரும் விடுதி பல சமயம் மலிவாகிவிடும்.

தளத்தில் விலை பார்த்த பிறகு விடுதியின் சொந்தப் பக்கத்தையும் பாருங்கள், அல்லது தொலைபேசியில் கேளுங்கள். சிறு விடுதிகள் இடைத்தரகுக் கட்டணம் மிச்சமாவதால் வண்டி நிறுத்தத்தையோ காலை உணவையோ சேர்த்துத் தருவதுண்டு.

படி 5: பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை

ஒரு சிறிய மின்னஞ்சல் போதும். லிஃப்ட் உண்டா, இல்லையென்றால் அறை எந்த மாடியில், தரைத்தளத்தில் அறை தர முடியுமா. குளிர்சாதனமும் சிறு குளிர்பதனப் பெட்டியும் உண்டா. வண்டியை எங்கே நிறுத்துவது, பெட்டிகளை இறக்க வாசலில் ஐந்து நிமிடம் நிற்க இயலுமா. நிலத்தடி நிறுத்துமிடமானால் கூரை உயரம் எவ்வளவு என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. கூரைமேல் பெட்டி பொருத்திய சிற்றுந்து, நகரசபைக் கட்டடத்தின் கீழுள்ளது போன்ற நிலத்தடி நிறுத்துமிடங்களின் வாசலில் தொங்கும் தடுப்புக்குழாயைத் தட்டி நிற்கும். பின்னால் வண்டிகள் வரிசை கட்டிவிடும், திரும்பவும் இடமிருக்காது. ரிசப்ஷனில் இரவு முழுவதும் ஆள் இருப்பார்களா என்பதும் முக்கியம். சிறு விடுதிகளில் மாலைக்கு மேல் ஆள் இல்லாமல் கதவுக் குறியீட்டெண்ணை மட்டும் அனுப்பிவிடுவார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் பதில் ஆங்கிலத்திலேயே வரும். ஆயினும் ஊர் மொழி பிரெஞ்சு என்பதால், கடிதத்தைப் போன்ழூர் (வணக்கம்) என்று தொடங்குவது மரியாதை.

படி 6: போய்ச் சேர்தல்

மாண்ட்ரியலிலிருந்து ரயிலில் வந்தால் ஏறத்தாழ மூன்றேகால் மணி நேரம். இறங்க வேண்டியது சேன்ட் ஃபுவாவில் அல்ல, கடைசி நிலையமான கார் த்யு பலேயில். மாளிகை போன்ற அந்த நிலையம் கீழ்நகரப் பக்கம் பள்ளத்தில் இருக்கிறது. மேல்நகர விடுதிக்கு நடந்தே போகலாம் என்று வரைபடம் சொல்லும். ஆனால் பலே ஏற்றம் என்ற அந்தச் சாலையில் உருளைப் பெட்டியைப் பதினைந்து இருபது நிமிடம் மேல்நோக்கி இழுப்பது யாருக்கும் பிடிக்காது. டாக்சி எடுங்கள். கீழ்நகரத்திலோ சேன் ரோக்கிலோ தங்குவோர் மட்டும் நடக்கலாம்.

காரில் மாண்ட்ரியலிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர். டொரண்டோவிலிருந்து 800 கிலோமீட்டர் என்பதால் பலர் மாண்ட்ரியலில் ஓர் இரவு தங்கிச் செல்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு. மதிலுக்குள் பல வீதிகள் ஒருவழிப்பாதை, கோடையில் சேன் ஜான் வீதி போன்றவை வாகனங்களுக்கு மூடப்படும். வழிகாட்டிக் கருவி இதை எப்போதும் அறிந்திருக்காது. பகல் வெளிச்சத்தில் போய்ச் சேருமாறு திட்டமிட்டு, வண்டியை ஒருமுறை நிறுத்திவிட்டால் அருவிக்கோ தீவுக்கோ போகும் நாள் வரை அதை எடுக்காதீர்கள். விமானத்தில் வருவோருக்கு ழான் லெசாழ் விமான நிலையம் நகரின் மேற்கே இருக்கிறது; அரைமணி நேர டாக்சிப் பயணம்.

படி 7: உள்ளே நுழைந்த பின்

அறை மாலை 3 அல்லது 4 மணிக்குத்தான் கிடைக்கும். முன்னரே வந்தால் பெட்டிகளை வைத்துவிட்டுச் சுற்றலாம். செக்-இன் செய்யும்போது கிரெடிட் கார்டில் ஒரு தொகையை முன்பிடித்தமாக நிறுத்திவைப்பார்கள். டெபிட் கார்டைக் கொடுத்தால் அந்தத் தொகை சில நாட்கள் உங்கள் கணக்கில் கிடைக்காது என்பதால் அதைத் தவிருங்கள். இந்தியாவிலிருந்து வருவோர் கொண்டுவரும் கெட்டிலோ தண்ணீர்ச் சூடேற்றியோ இங்கே பயன்படாது. மின்னழுத்தம் 120 வோல்ட், பிளக்கின் வடிவமும் வேறு.

உணவு நேரங்களின் பெயர்கள் பிரான்சில் வழங்குவதிலிருந்து மாறுபடும். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு கற்றவர்கள் இதில் குழம்பிவிடக்கூடும் என்பதால் சொல்கிறேன். கியூபெக்கில் தேழனே என்பது காலை உணவு, தினே மதிய உணவு, சுப்பே இரவு உணவு. சைவம் உண்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உருளைக்கிழங்குப் பொரியல்மேல் பாலாடைக்கட்டி இட்டுக் குழம்பு ஊற்றித் தரும் பூத்தின் பார்ப்பதற்குச் சைவம் போலிருக்கும், ஆனால் குழம்பு பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் ஆனது. பட்டாணி சூப்பில் பன்றி இறைச்சி சேர்ப்பது வழக்கம். காலை உணவில் வரும் அவரை விதையிலும் அப்படியே. வெஜெட்டேரியன் என்று சொன்னால் மட்டும் போதாது. இறைச்சிச் சாறும் மீனும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். காளான், பாலாடைக்கட்டி, கீரை வைத்த க்ரேப் தோசைகள் பழைய நகரில் எளிதாகக் கிடைக்கும்.

உணவகங்களில் 15 சதவீத அளவில் டிப்ஸ் எதிர்பார்க்கப்படுகிறது. பில்லில் தனித்தனியாக அச்சிட்டிருக்கும் இரண்டு வரிகளையும் கூட்டினால் ஏறத்தாழ அதே 15 சதவீதம் வந்துவிடும் என்பதால் மனக்கணக்குப் போட வேண்டியதில்லை. விடுதியில் பெட்டி தூக்குபவருக்கும் அறை சுத்தம் செய்பவருக்கும் சில டாலர்கள் கொடுப்பது வழக்கம்.

குளிர்காலத்தில் செல்வோருக்கு

ஜனவரி இரவுகளில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 18 பாகை வரை இறங்குவது இயல்பு. காற்று வீசினால் இன்னும் கடுமையாக உறைக்கும். மேடு பள்ளக் கேள்வி அப்போது மேலும் கூர்மையாகிவிடுகிறது, ஏனெனில் சரிவுகளெல்லாம் பனிக்கட்டியாக இறுகியிருக்கும். காலணியின் அடியில் மாட்டிக்கொள்ளும் சிறு இரும்புப் பற்களை ஊரிலேயே கடைகளில் வாங்கலாம், வாங்கத் தயங்காதீர்கள். வீதியில் வண்டியை விட்டால், பனி அகற்றும் இரவுகளில் எச்சரிக்கை விளக்குகள் மின்னத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும், இல்லையேல் வண்டியை இழுத்துப் போவார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே குளிர்காலத்தில் நிலத்தடி நிறுத்துமிடம் உள்ள ஹோட்டலைத் தேடலாம். மாகாணத்தில் பதிவான வாடகைக் கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்காலச் சக்கரங்கள் கட்டாயம்.

நகரிலிருந்து அரைமணித் தொலைவில் வால்கார்ட்டியேயில் ஆண்டுதோறும் பனியாலும் பனிக்கட்டியாலும் புதிதாகக் கட்டப்பட்டு, வசந்தத்தில் உருகிவிடும் பனி ஹோட்டல் இருக்கிறது. உள்ளே வெப்பநிலை சுழியத்துக்குச் சற்றுக் கீழேயே நிற்கும். உறைபனிக்கான தூங்கும் பையில் படுக்க வேண்டும். பகலில் டிக்கெட் எடுத்து உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு, இரவு சூடேற்றிய அறைக்குத் திரும்புவதே பெரும்பாலோருக்கு உகந்தது.

புறப்படும் நாள்

செக்-அவுட் 11 மணி அல்லது நண்பகல். முந்தைய இரவே பில்லைக் கேட்டு வாங்கி, வண்டி நிறுத்தக் கட்டணம் இருமுறை சேரவில்லை என்பதையும், காலை உணவு சேர்ந்தது என்று பதிவு செய்திருந்தால் அதற்குத் தனியே பிடிக்கவில்லை என்பதையும் பாருங்கள். ரயில் மாலையில் என்றால் பெட்டிகளை ரிசப்ஷனில் விட்டுவிட்டு லெவிக்குப் படகில் போய்த் திரும்பலாம். பாறையும் மதிலும் கோபுரங்களும் ஒரே பார்வையில் முழுதாகத் தெரிவது ஆற்றின் நடுவிலிருந்துதான். திரும்பி வந்து படகுத்துறையிலிருந்து மேலே ஏறி, பெட்டிகளை எடுத்து, மீண்டும் பள்ளத்தில் உள்ள நிலையத்துக்கு இறங்க வேண்டும் என்பதால், ரயில் புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே கரைக்குத் திரும்பிவிடுங்கள். டாக்சியை ரிசப்ஷனில் சொல்லி வரவழைத்துக்கொள்ளலாம்.